தாடையில் படாத அடி

மார்ச் 4

தம்பி,

உன் மாமனார் வீட்டு வாசல் வரை வந்து திரும்பியவள் எழுதுகிறேன். உன் பெண்டாட்டி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். அரை நாள் பஸ்ஸில் வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கிடையாது. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாய் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இதைப் படித்துக்கொள். நான் தள்ளவில்லை.

நான் தள்ளியதாகத்தான் எல்லா இடத்திலும் பேச்சு. டீக்கடையில் பேச்சு, ஆசிரியர் அறையில் பேச்சு, என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். விருது கிடைக்கப் போகிற மிதப்பில் வேகமாகத் தள்ளிவிட்டாளாம். எப்போதும் கை நீட்டிப் பழகியவள்தானே என்கிறார்களாம். இருபது வருஷம் பாடம் நடத்தி, ஒரு பிள்ளையைக் கூடத் தோற்கவிடாத எனக்கு இதுதான் சன்மானம்.

நடந்ததை விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் அதையே எழுதுகிறேன், மயக்கத்தில் மறந்திருந்தால் ஞாபகப்படுத்திக்கொள். சிறந்த அறிவியல், கணித ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் விருதுக்குழு என் பாடத்தைப் பார்க்க நம் பள்ளி மண்டபத்துக்கு வந்திருந்தது. மேடைக்கு மேலே உத்தரத்தில் கம்பிக்கயிறு கட்டி இரும்புப் பந்தைத் தொங்கவிட்டிருந்தேன். வருஷா வருஷம் செய்கிற சோதனைதான். பந்தை ஒரு ஆளின் தாடைவரை இழுத்து, தொட்டும் தொடாமலும் பிடித்து, சும்மா விட வேண்டும். அது எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வரும். விட்ட உயரத்துக்கு மேல் ஏற அதற்குச் சக்தி கிடையாது. நிற்கிற ஆள் அசையாமல் இருந்தால் தாடைக்கு முன்னால் வந்து நின்று, திரும்பிப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். எப்போதும் நானேதான் நிற்பேன். அன்று குழுவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததால் கணக்கு வாத்தியாரான உன்னை நிற்க வைத்து, பக்கத்தில் நின்று பந்தை விட்டேன். விட்டேன், தம்பி. தள்ளவில்லை.

விட்டதும் குழுவின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தேன். அவர்கள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் கண்ணும் என் மேல்தான். அப்போது உன் காறை எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கழுத்துக்குக் கீழே அவ்வளவு பெரிய எலும்பா இருக்கிறது என்று நினைக்கும்படியான சத்தம். நீ பின்னால் சாய்ந்து கரும்பலகைச் சட்டத்தில் மண்டையை உடைத்துக்கொண்டாய். உன் ரத்தம் என் செருப்புக்குள் வந்தது. ஏன் பட்டது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கயிற்றில் ஏதாவது கோளாறாக இருக்கும். லேப் அட்டெண்டரை நான் சும்மா விடப் போவதில்லை.

இப்போது என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். அஜாக்கிரதையாகக் காயம் விளைவித்ததாகப் போலீஸில் வழக்கு. விருதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீ விசாரணையில் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. அக்கா தள்ளவில்லை என்று சொல். அவ்வளவுதான்.

இன்னொன்று. உன் மைத்துனன், அந்த மெக்கானிக், முந்தாநாள் காலையில் வீல் ஸ்பேனரோடு என் வீட்டுக்கு வந்தான். முதலில் என் ஸ்கூட்டர் விளக்கை உடைத்தான். அப்புறம் ஜன்னல். வராண்டாவில் ஏறி என் தலைக்கு நேரே ஓங்கினான். நான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை எடுத்து அவன் கைக்குக் குறுக்கே வைத்து மடக்கினேன். மணிக்கட்டு உடைந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நீ அனுப்பினாயா அவனை?

அக்கா.

மார்ச் 9

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கிறது என்று மார்க் குறைக்காதே.

அவனை நான் அனுப்பவில்லை. தடுத்தும் பார்த்தேன், ஒற்றைக் கையால் எவ்வளவு தடுக்க முடியும்? இப்போது அவனுக்கும் கட்டு, எனக்கும் கட்டு. இரண்டு பேருக்கும் சட்டைப் பொத்தான் போட்டுவிடவே என் பெண்டாட்டிக்குக் காலைப்பொழுது போய்விடுகிறது. உன்னை மனுஷியில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவனும் மாமனாரும் தினமும் வாதாடிக்கொள்கிறார்கள். மாமனார் உன் கட்சி. நாற்காலியை வைத்து ஸ்பேனரை ஜெயித்தவள் லேசுப்பட்டவள் இல்லை என்கிறார்.

திரையை மூடியதற்கு என் பெண்டாட்டியைத் திட்டாதே. மூடச் சொன்னது நான்.

விசாரணை அதிகாரி இங்கேயே வந்தார். நல்ல மனிதர், தலையணையை எல்லாம் சரி செய்து கொடுத்தார். எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். மண்டையில் தையல் போட்டவன் அப்படிச் சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. நீ தள்ளினாய் என்று நான் சொல்லவில்லை. தள்ளவில்லை என்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

நீ நலம் விசாரிக்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எலும்பில் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். இருமினால் உயிர் போகிறது. மற்றபடி நலம்.

தம்பி.

மார்ச் 15

தம்பி,

நேற்று என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். ஒரு சின்ன அறை, மின்விசிறி கூடச் சுற்றவில்லை. என் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார் அந்த நல்ல மனிதர். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். மிஸ் பந்தைத் தள்ளினார்கள். மிஸ் வேகமாகத் தள்ளினார்கள். மிஸ் இரண்டு கையாலும் தள்ளினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுதியது இது. ஒருத்தி கூட விலக்கில்லை.

அதிலும் நம் கண்ணாடிக்காரி எழுதியதைக் கேள். வகுப்பில் முதல் ஆள், என் கையால் வளர்ந்தவள். மிஸ் தள்ளியதால் பந்துக்குச் சக்தி அதிகமாகி, விட்ட உயரத்தைவிட மேலே வந்து, சாருடைய காறை எலும்பில் பட்டது என்று எழுதியிருக்கிறாள். மேலே வந்த பந்து கீழே இருக்கிற எலும்பில் எப்படியடி படும்? மேஜையைக் குத்தினேன், அதிகாரியின் டீ கவிழ்ந்துவிட்டது. என்மேல் பொய் சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் பொய் சொல்ல அவளுக்கு எப்படி மனசு வந்தது?

வீட்டுக்கு வந்து அதே யோசனையாக இருந்தேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இத்தனை நாள் ஆத்திரத்தில் கயிற்றையும் அட்டெண்டரையும் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அடி பட்ட இடத்தை யோசிக்கவில்லை.

நான் தள்ளியிருந்தால் பந்து விட்ட இடத்துக்கே வேகத்தோடு திரும்பி வந்திருக்கும். உன் தாடை நொறுங்கியிருக்கும், பல் கொட்டியிருக்கும். உன் தாடையில் ஒரு கீறல் கூட இல்லை. அடி பட்டது தாடைக்கு ஒரு சாண் கீழே. அப்படியென்றால் பந்து இன்னும் ஏறி முடிக்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஏதோ வந்திருக்கிறது. கயிறு நீளவில்லை, நேற்றுச் சாயங்காலமே அட்டெண்டரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து பார்த்தேன். ஆக, பந்து உன்னிடம் வரவில்லை. நீதான் பந்திடம் போயிருக்கிறாய். அரை அடியாவது முன்னால் எடுத்து வைத்திருக்கிறாய்.

பயந்து தடுமாறினாய் என்று சொல்லாதே. பயந்தவன் பின்னால் போவான்.

ஏன் செய்தாய்? உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? என் பேரைக் கெடுக்கவா? அந்த மேடைக்கு வர எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. உண்மையை நீயே எழுதி அதிகாரிக்கு அனுப்பு. இல்லையென்றால் நானே அங்கே வந்து மிச்சமிருக்கிற எலும்பையும் உடைத்துவிட்டு, உள்ளே போவதானால் ஒரேயடியாகப் போகிறேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

அக்கா.

மார்ச் 23

அக்கா,

கண்டுபிடித்துவிட்டாய். நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்குத் தெரியும், இவ்வளவு நாள் ஆகும் என்றுதான் நினைக்கவில்லை.

ஆமாம், முன்னால் வந்தேன். நீ சரியாகத்தான் விட்டாய். உன் கையில் பிசிறே கிடையாது. இதை விசாரணை அதிகாரிக்கும் விருதுக்குழுவுக்கும் இன்று காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். போலீஸுக்கும் ஒரு பிரதி. அதற்காக உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. நீ எலும்பை உடைக்க வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஏன் என்று கேட்டிருக்கிறாய்.

அம்மா வேலைக்குப் போனதும் நீ ஜன்னலைச் சாத்துவாய். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதற்காக. அந்த இரும்பு ஸ்கேலின் பட்டையால் அல்ல, விளிம்பால் அடிப்பாய். விடை தப்பானால் ஒரு அடி, வழி தப்பானால் இன்னும் பலமாக. நான் அழுதால் வெளியே கேட்கும் என்பதற்காகத் தலையணையை என் வாயில் அமுக்குவாய். என் சுண்டுவிரலை நீ உடைத்த அன்று, கதவில் நசுங்கியது என்று அம்மாவிடம் நானே சொன்னேன். நீ சொல்லச் சொல்லவில்லை. எனக்கே அப்படித்தான் சொல்லத் தோன்றியது. அந்த வருஷம் நான் கணக்கில் முதலாவதாக வந்தேன். எல்லோரும் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நானும்தான்.

இதெல்லாம் பழைய கதை, உன்மேல் பாசம் இல்லை என்று நினைக்காதே. பாசம் இருந்ததால்தான் நீ வேலை பார்க்கிற பள்ளிக்கே வந்தேன். உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் டஸ்டர் சுவரில் மோதுகிற சத்தம் கேட்கும். சில நாள் சுவரில் மோதாத சத்தம் கேட்கும். என் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் பலகையில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். விருதுக்கு உன்னைப் பரிந்துரைக்கச் சக ஆசிரியர் ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பிள்ளைகளிடம் மிகுந்த அன்பு கொண்டவர் என்று நீ சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

மண்டபத்துப் பாடத்துக்கு முதல் நாள், ஒத்திகையில், கண்ணாடிக்காரி சக்திக்கு அலகு தப்பாகச் சொன்னாள். டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் அவள் காதில் அடித்தாய். நான் வாசலில் நின்றிருந்தேன். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி அவள் காலரில் ஊறியது. நீ அவளைப் பார்க்கவே இல்லை, அடுத்தவளைக் கேட்டுக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து அவள் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

"மிஸ் உங்க சொந்த அக்காவா சார்?" என்றாள்.

"ஆமா."

"உங்களையும் அடிச்சிருக்காங்களா?"

நான் சிரித்துக்கொண்டே, சேச்சே என்றேன். அவள் என் சுண்டுவிரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி காதைக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் மேடையில் நீ என்னைச் சுவரோரமாக நிறுத்தி, "அசையக் கூடாது, அசைஞ்சா கொன்னுடுவேன்" என்று காதோடு சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ தினமும் சொல்வதுதான். பந்து போனது. குழுவிடம் நீ பேசுவது கேட்டது. என்னுடைய பிள்ளைகள் தைரியசாலிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஜன்னலைச் சாத்திவிட்டு வாங்கிய அடியை ஒரே ஒரு தடவை நாலு பேர் பார்க்க வாங்கினால் என்ன என்று தோன்றியது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். கால் தானாகப் போனது. செத்துப் போவேன் என்றுகூட நினைக்கவில்லை. வலி என்னவோ நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது, பழக்கம் போல.

முதல் வரிசையில் எல்லோரும் நான் கால் வைத்ததைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரி நேராக என் கண்ணைப் பார்த்தாள். அத்தனை பேரும் நீ தள்ளியதாக எழுதியிருக்கிறார்கள் என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். விருதும் கிடைக்கும். வாங்கிக்கொள்.

தம்பி.

ஏப்ரல் 2

தம்பி,

வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வழக்கையும் முடித்துவிட்டார்கள். உன் மைத்துனன் போட்ட வழக்கு மட்டும் இருக்கிறது. அவன் ஸ்பேனரோடு வந்ததற்கு எதிர்வீட்டு நர்ஸ் சாட்சி சொல்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாசக் கடைசியில் விருது. எனக்குத்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அப்புறம் பாதி எரிந்ததை வெளியே எடுத்தேன். விரல் பொசுங்கிவிட்டது.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். வேலை பார்த்த பிரஸ்ஸில் இயந்திரத்தில் சிக்கி அப்பாவின் கை போன பிறகு, மிச்சமிருந்த ஒற்றைக் கையால் அவர் என்ன செய்தார் என்று ஏன் எழுதவில்லை? உனக்கு எங்கே தெரியும், நீ கட்டிலுக்கு அடியில் இருப்பாய். உன்னை உள்ளே தள்ளிவிட்டு வெளியே நின்றவள் நான். அவர் பெல்ட்டைச் சுழற்றும்போது பக்கிள் உன் பக்கம் வராமல் என் முதுகைக் கொடுத்தேன். இன்னும் முதுகில் கை வைத்தால் மேடு தட்டும். உன் பெண்டாட்டியை வந்து தொட்டுப் பார்க்கச் சொல். அவர் செத்த அன்று நான் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை, நீதான் அழுதாய்.

அந்த பிரஸ்ஸுக்கே உன்னையும் அனுப்ப ஆட்கள் தயாராக இருந்தார்கள். உன்னை அங்கே விடக் கூடாது என்று வெறி பிடித்துத்தான் கணக்கைத் திணித்தேன். அடித்துத் திணித்தேன். இப்போது சாக்பீஸ் பிடிக்கிறாயே, அந்தக் கையில் விரல் எல்லாம் இருக்கிறதா இல்லையா? ஒன்று கோணலாக இருக்கிறது, அவ்வளவுதானே. அப்பா அடித்தது குடித்துவிட்டு. நான் அடித்தது படிப்புக்காக. இரண்டும் ஒன்றா? மனசைத் தொட்டுச் சொல்.

என் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களில் எத்தனை பேர் இன்று டாக்டர், எத்தனை பேர் இன்ஜினியர். விசாரித்துப் பார். ஒருத்தராவது என்னைக் குறை சொன்னால் நான் வேலையை விட்டுவிடுகிறேன்.

விழாவுக்கு நீ வர வேண்டும். உனக்காக முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா.

ஏப்ரல் 10

அக்கா,

இரண்டும் ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் இருந்தவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உன் முதுகு எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுக்கப் போகவில்லை.

ஆனால் கண்ணாடிக்காரி உன் முதுகுக்கு என்ன கடன்பட்டாள்? போன வாரம் அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தாள். துணி தைக்கிறவள், என் சட்டை ஒன்றைப் பார்த்துவிட்டுக் கட்டுப் போட்ட பக்கம் பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மகளின் காது ஜவ்வு கிழிந்துவிட்டதாம். அந்தப் பக்கம் இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கதவில் இடித்துக்கொண்டதாகத்தான் மகள் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடமும் அதையேதான். அவள் நம்பவில்லை, ஆனால் புகார் கொடுக்கவும் பயம். மகளுக்கு உன் பாடம் வேண்டுமே. "மிஸ் மாதிரி யாருக்கும் சொல்லிக்குடுக்க வராது சார்" என்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் சொல்வது உண்மை.

நான் விழாவுக்கு வரவில்லை. அந்த நாற்காலியில் அவளை உட்கார வை. அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை பேசு. என்ன பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தம்பி.

ஏப்ரல் 29

தம்பி,

விருது வாங்கிவிட்டேன். பதக்கம் கனமாகத்தான் இருக்கிறது. குழுத் தலைவர் பாராட்டுரை படித்தார். இவருடைய கண்டிப்புதான் இவருடைய அன்பு என்று படித்தார். மண்டபமே தட்டியது. என் பிள்ளைகளும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் பழக்கியபடியே ஒரே சீராக, நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாமல் தட்டினார்கள். தலைவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயம் என்று எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படாதே, வேறு வார்த்தை கிடைக்கவில்லை. கண்ணாடிக்காரியிடம் நான் முன்கூட்டிப் பேசவில்லை. உன் நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்துகொண்டார்.

இன்று காலை வகுப்பு. பதக்கத்தைக் கழற்றாமலேதான் போனேன், காட்டச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு. கண்ணாடிக்காரியை எழுப்பினேன். பேசத்தான் எழுப்பினேன், சத்தியமாக. ஆனால் வாயைத் திறந்தால் எனக்குப் பாடம்தான் வருகிறது.

"பந்தைத் தள்ளிவிட்டா அடி எங்க படும்?" என்று கேட்டேன்.

"தாடையில, மிஸ்."

"அப்ப ஏன் காறை எலும்புன்னு எழுதின?"

"எழுதும்போதே தப்புன்னு தெரியும் மிஸ்."

அதை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். குரலில் எந்தத் திமிரும் இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நான் எப்போது அவள் பக்கத்தில் போனேன், எப்போது கை ஓங்கினேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் பின்னால் போகவில்லை, தம்பி. பெஞ்சை விட்டு வெளியே வந்து, ஒரு அடி முன்னால் எடுத்து வைத்து, முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் அடிங்க மிஸ். இது ஏற்கெனவே கேக்கல."

என் கை இறங்கவில்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். இறங்கியது. பலமாகவே இறங்கியது. கண்ணாடி பறந்து போய் அடுத்த வரிசையில் விழுந்து ஒரு சில்லு உடைந்தது. அவள் உதடு கிழிந்தது. பதக்கம் ஆடி என் பல்லிலேயே இடித்தது. அடுத்த வரிசைப் பெண் குனிந்து கண்ணாடியை எடுத்தாள், பாவாடையில் துடைத்து அவளிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளை ஓரமாகத் தள்ளி, அவள் நின்ற இடத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பெஞ்சு நகருகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பயந்துதான் எழுந்தார்கள். ஆனாலும் எழுந்தார்கள்.

என் கை மறுபடியும் மேலேதான் இருந்தது. அதைக் கீழே கொண்டுவர நான் பட்ட பாடு அப்பாவிடம் வாங்கும்போதுகூடப் பட்டதில்லை. இன்னொரு கையால் பிடித்து இறக்கினேன் என்றால் நம்புவாயா? மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடிக்காரி, உதட்டில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே, "பாடம் நடத்துங்க மிஸ்" என்றாள். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்காதே.

மணி அடித்ததும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவில் இடித்துக்கொண்டதாக அவள் ஆரம்பித்தாள். நான் குறுக்கிட்டு, அடித்தது நான்தான், காதில் அடித்ததும் நான்தான் என்றேன். டாக்டர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதினார். அவளுடைய அம்மா வந்து நின்றாள், அவளிடமும் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

நாளை என்ன ஆகும் என்று தெரியாது. வேலை போகலாம், பதக்கத்தைத் திருப்பிக் கேட்கலாம், கேட்டால் கொடுத்துவிடுகிறேன். ஆனால் போகாவிட்டால்? தலைமையாசிரியரை உனக்குத் தெரியும். சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீர்கள் டீச்சர் என்று இப்போதே ஆள் அனுப்பிவிட்டார். பூசி மெழுகிவிடுவார். நாளைக் காலையில் அதே வகுப்பில் அதே கையோடு நான் நிற்பேன். இந்தக் கை என்ன செய்யும் என்று எனக்கு உத்தரவாதம் சொல்லத் தெரியவில்லை. இன்று அதைப் பார்த்துவிட்டேன்.

உன் எலும்பு கூடியிருக்கும். விடுப்பு முடிகிறவரை காத்திருக்காதே. வந்து என் வகுப்பில் உட்கார். நான் கை ஓங்கினால் எழுந்து வந்து பிடி, எல்லோர் முன்னாலும் பிடி, தேவையென்றால் முறுக்கு. அதற்குத் தைரியம் உள்ளவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. வகுப்பு முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குழந்தைகள், தம்பி. அது அவர்கள் வேலை இல்லை.

அக்கா.